இரண்டு பெல்

குரோம்பேட்டை, சென்னை

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. பேத்திக்குக் காய்ச்சல் என்று வீடே அவளைச் சுற்றி நின்றதில் பதில் எழுத முடியவில்லை. இப்போது தேறிவிட்டாள். உன் முட்டிவலிக்கு மருத்துவர் என்ன சொன்னார்? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய்.

சிங்கப்பூர் வடகிழக்குத் தட ரயிலில் முன்கண்ணாடி அருகே நின்று சுரங்கத்தைப் பார்த்துக்கொண்டே போனதை எழுதியிருந்தாய். "நான் முப்பது வருடம் உட்கார்ந்த நாற்காலியே இந்த வண்டியில் இல்லை" என்ற வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தத் தடம் 2003-லேயே ஓட்டுநர் இல்லாமல் ஓடத் தொடங்கிவிட்டது. அப்போது நம் கடற்கரை–தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார வண்டிகூட முழுதாக விடைபெறவில்லை. வண்டியை ஓட்டும் மோட்டார்மேனாக நீ முன்னால், புறப்பாட்டுக்குப் பெல் கொடுக்கும் கார்டாக நான் பின்னால், நடுவில் ஒன்பது பெட்டி என்று ஓடிக்கொண்டிருந்தோம்.

உன் கடிதத்துக்குப் பிறகு இதைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். ரயில் எவ்வளவு தூரம் தானாக ஓடுகிறது என்பதைப் பூஜ்யத்திலிருந்து நான்கு வரை படி பிரித்திருக்கிறார்கள். டிராம் போலக் கண்ணால் பார்த்து ஓட்டுவது பூஜ்யம். மனிதன் ஓட்டுகிறான், அவன் சிவப்பைத் தாண்டினாலோ வேகம் மீறினாலோ இயந்திரம் பிரேக் போட்டுவிடும் என்றால் ஒன்று. இரண்டாம் படியில் வண்டி தானே வேகமெடுத்துத் தானே நிற்கிறது; முன்னால் இருப்பவர் கதவை மூடிப் புறப்பாட்டுப் பொத்தானை அழுத்துகிறார், கோளாறு என்றால் கையில் எடுத்துக்கொள்கிறார். மூன்றில் ஓட்டுநர் கிடையாது, வண்டிக்குள் ஓர் ஊழியர் மட்டும் இருப்பார். நான்கில் அவரும் வேண்டியதில்லை.

இந்தப் படிகளில் பெரும்பாலானவற்றை நம் சென்னையிலேயே பார்த்துவிடலாம். நாம் ஓட்டிய மின்சார ரயில் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் நிற்கிறது. சிக்னல் தானாக நிறம் மாறும். அதை மதிப்பது மோட்டார்மேனின் கண்ணும் கையும். சிவப்பைத் தாண்டினால் தானே பிரேக் போடும் கவச் என்ற கருவியைப் பொருத்தினால்தான் அது முறையாக ஒன்றாம் படி ஏறும். 2015-இல் ஆலந்தூருக்கும் கோயம்பேட்டுக்கும் இடையே தொடங்கிய மெட்ரோ இரண்டாம் படி. இரண்டாம் கட்ட மெட்ரோ, மூன்று தடங்களுமாகச் சேர்த்து 118.9 கிலோமீட்டர், நான்காம் படியை மனத்தில் வைத்தே கட்டப்படுகிறது. 2025 மார்ச்சில் பூந்தமல்லியிலிருந்து முல்லைத் தோட்டம் வரை அதன் சோதனை ஓட்டம் நடந்தது.

படிக்கப் படிக்க ஒன்று எனக்கு உறைத்தது. ஒவ்வொரு படியிலும் மனிதனிடமிருந்து எந்த வேலையை வாங்கிக்கொள்கிறார்கள் என்று வரிசையாகப் பார். முதலில் சிவப்பைக் காணும் கண்ணுக்குத் துணை வருகிறது. அடுத்து கைப்பிடி போகிறது. வேகமும் பிரேக்கும், நீ இத்தனை வருடம் தேர்ந்து வைத்திருந்த அந்தக் கைப்பக்குவமும், இரண்டாம் படியிலேயே போய்விடுகிறது. அதற்குப் பிறகும் மனிதனிடம் மிஞ்சுவது கதவும் புறப்பாடும். அது கார்டின் வேலை, செல்வா. எல்லோரும் ஓட்டுவதுதான் கஷ்டம் என்று நினைத்தோம். இயந்திரத்துக்கு அது எளிது. நடைமேடையில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்து "இப்போது போகலாம்" என்று சொல்வதுதான் அதற்குப் பெரும்பாடு.

மாம்பலத்தில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். தீபாவளிக்கு முந்தைய வாரம், மாலை நேரம். நான் தலையை வெளியே நீட்டிப் பார்த்தேன். ஏறுகிறவர்கள் ஏறிவிட்டார்கள் போலத் தெரிந்தது. புறப்படலாம் என்று இரண்டு பெல் கொடுத்தேன். வண்டி அசைந்தது. நான்காவது பெட்டி அருகே ஒரு பூக்காரம்மா கூடையை உள்ளே தள்ளிவிட்டுக் கம்பியைப் பிடித்தபடி கூடவே நடக்க ஆரம்பித்தார். கால் இன்னும் படியில் இல்லை. நிறுத்து என்று ஒரு பெல் அடித்தேன். ஏன், எதற்கு என்று கேட்காமல் நீ நிறுத்தினாய். அவர் ஏறி, கூடையிலிருந்து சிதறிய கனகாம்பரத்தை யாரோ பொறுக்கிக் கொடுத்து, நான் மறுபடியும் இரண்டு பெல் கொடுத்தேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. அன்று இரவு நெடுநேரம் எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்த அரை நிமிடத்தை இயந்திரம் எப்படிச் சமாளிக்கிறது தெரியுமா? அந்த அம்மாவை அடையாளம் கண்டு அல்ல. அவர் அந்த இடத்துக்கு வரவே முடியாதபடி நடைமேடை ஓரத்தில் தடுப்புக் கதவு வைத்து, வண்டிக் கதவும் அதுவும் பூட்டிக்கொண்டால் ஒழிய நகராது என்று கட்டிவைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தில் மனிதரோ மாடோ இறங்க வழியில்லாமல் மேம்பாலத்திலும் சுரங்கத்திலும் பாதை போட்டுவிட்டார்கள். ஆகவே நான்காம் படி என்பது பாதி வண்டியில் இருக்கிறது என்றால் மீதி நடைமேடையிலும் வேலியிலும் இருக்கிறது. நம் பழைய பாதைக்கு அது எட்டாமல் இருப்பதற்கு முதல் காரணம் திறந்த கதவு. 2018 ஜூலையில் பரங்கிமலையில் படியில் தொங்கியவர்கள் சுவரில் அடிபட்டு இறந்தார்களே, எந்த சிக்னல் கருவியும் அவர்களைக் காப்பாற்றியிருக்காது; மூடும் கதவு காப்பாற்றியிருக்கும். 2025 ஏப்ரலில் கடற்கரை–செங்கல்பட்டு குளிர்சாதன மின்சார ரயில் விட்டபோது எனக்குக் குளிர்ச்சியைவிட அதன் தானியங்கிக் கதவுதான் பெரிதாகப் பட்டது. ஓட்டுவது இன்னும் மோட்டார்மேன்தான். இருக்கட்டும். கதவு முதலில் வரட்டும்.

இயந்திரத்தை நம்பலாமா என்று கேட்டிருந்தாய். 2009-ஐ எடுத்துக்கொள். ஏப்ரலில் சென்ட்ரலில் நின்ற மின்சார ரயிலை ஓட்டக்கூடாத ஒருவன் எடுத்துப்போய் வியாசர்பாடி ஜீவாவில் சரக்கு வண்டி மீது மோதினான். நான்கு உயிர் போயிற்று. சிவப்பைத் தாண்டியதும் தடுக்க ஒரு கருவி இருந்திருந்தால் என்று அன்று நாம் பேசிக்கொண்டோம். அதே வருடம் ஜூனில் அமெரிக்காவின் வாஷிங்டனில் தானாக ஓடிக்கொண்டிருந்த மெட்ரோ, முன்னால் நின்ற ரயில் இருப்பதைத் தண்டவாள மின்சுற்று காட்டாததால், அதன் மேலேயே ஏறியது. ஒன்பது பேர் இறந்தார்கள். அதன்பின் 15 வருடங்களுக்கும் மேலாக அங்கே கையால்தான் ஓட்டினார்கள். ஆகவே நான் கையையும் கண்மூடி நம்பவில்லை, கருவியையும் நம்பவில்லை. ஒன்று தவறும்போது இன்னொன்று பிடித்துக்கொள்கிறதா என்று மட்டும் பார்க்கிறேன். டெல்லியில் 2020 டிசம்பரில் மெஜந்தா தடத்தை ஓட்டுநரில்லாத முறைக்கு மாற்றியபோதும் தொடக்கத்தில் வண்டிக்குள் ஓர் ஊழியரை வைத்திருந்தார்கள். நம் ஊரிலும் அப்படித்தான் அவசரப்படாமல் போக வேண்டும் என்பது என் ஆசை.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். மாம்பலத்துக்கு ஒரு நாள் போய்வருவோம். அதற்கு முன் எனக்காக ஒரு காரியம் செய். அடுத்த முறை அந்த வண்டியில் ஏறும்போது முன்கண்ணாடி அருகே போகாதே. கதவு பக்கத்தில் நின்றுகொள். கையில் பையோடு வயதான அம்மா யாராவது மெதுவாக வந்தால், கதவு எத்தனை நொடி காத்திருக்கிறது, இடையில் மாட்டினால் எத்தனை முறை திறந்து மூடுகிறது, அப்போது எங்கிருந்தாவது மனிதக் குரல் கேட்கிறதா என்று பார்த்து எனக்கு எழுது.

உன்,
வேணு