‘ஆட்சியர்’ என்ற சொல்லை மாற்றுங்கள்

தமிழ் வளர்ச்சித் துறையினருக்கு வணக்கம்.

திருவாரூரில் திங்கட்கிழமைகளில் மனு எழுதிக் கொடுப்பவன் நான். குறைதீர்க்கும் நாள் என்பதால் காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். பட்டா மாற்றம், முதியோர் உதவித்தொகை, கொள்முதல் நிலைய வாசலில் நனைந்த நெல் என்று குறைகள் பல. முதல் வரி மட்டும் ஒன்றே: ‘உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள் சமூகத்திற்கு’. வந்தவர் சொல்வது ‘கலெக்டர்’. தாளில் அது ஆட்சியர் ஆகிவிடுகிறது. அந்த இடத்தில்தான் எனக்கு உறுத்துகிறது.

கலெக்டர் என்றால் வசூலிப்பவர். 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் நிலவரி தண்ட ஏற்படுத்திய பதவி அது. 1799-இல் இரண்டாம் சரபோஜி தஞ்சைச் சீமையைக் கம்பெனியிடம் ஒப்படைத்த பிறகு நம் பக்கமும் வந்தது. தாசில்தார் அதற்கும் மூத்த சொல். ‘தஹ்சீல்’ அரபு, வசூல் என்று பொருள். ‘தார்’ பாரசீகம், உடையவர். இரண்டு பெயரும் வேலையைச் சொன்னவை. நாமோ ஒருவரை வட்டாட்சியர், மற்றவரை மாவட்ட ஆட்சியர் என்றோம். கம்பெனிக்காரன்கூடத் தன் ஆளுக்கு வைக்காத பெயர்!

ஆளுவோரைத் தேர்ந்தெடுக்கத்தான் வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம். மாவட்ட அதிகாரி அரசு நியமித்து, அரசு மாற்றுகிறவர். அவர்களில் நல்லவர்கள் பலர். என் மனக்குறை ஆள்மீது அல்ல. ஆனால் தன் வயலுக்குத் தண்ணீர் கேட்டு வந்தவர், ஆள்பவரிடம் இரந்து நிற்பதுபோல் எழுத வேண்டியிருக்கிறதே.

கன்னடத்தில் ஜில்லாதிகாரி என்கிறார்கள். இலங்கையில் மாவட்டச் செயலாளர். இங்கே அது கட்சிப் பதவி, நமக்கு ஒத்துவராது. வெளியே தேடவும் வேண்டாம். 1980-இல் பரம்பரையாக வந்த கர்ணம் என்ற ஊர்க் கணக்கர் பதவியும் மணியம் என்ற ஊர்த் தலைவர் பதவியும் ஒழிந்தபோது அந்த இடத்துக்கு வந்தவரை ‘கிராம நிர்வாக அலுவலர்’ என்றோம். ஊருக்கு அலுவலர் என்றால் மாவட்டத்துக்கு மட்டும் ஏன் ஆட்சியர்? ‘மாவட்ட நிர்வாக அலுவலர்’ என்று ஆட்சிச்சொல் அகராதியில் முதலில் மாற்றுங்கள். பெயர்ப்பலகைகள் பழுதாகும்போது மாறட்டும், வீண்செலவு வேண்டாம்.

ஆணை வரும்வரை நான் பழைய வரியைத்தான் எழுதுவேன். ஒரு சொல்லுக்காக யாருடைய மனுவும் திரும்பி வந்துவிடக் கூடாது.

இப்படிக்கு,
திருவாரூரில் மனு எழுதுபவன்