தீவில் பறவை நோக்கல்: அக்டோபர் 10, சனி

அனைவருக்கும் வணக்கம். இலையுதிர்கால வலசைப் பறவைகளைப் பார்க்கத் தீவுக்குப் போகும் நாள் முடிவாகிவிட்டது. அக்டோபர் 10, சனிக்கிழமை. படகு காலை 6.30-க்குக் கிளம்பும், 6.10-க்குள் படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். திரும்புவது மாலை 4 மணிப் படகில். அதை விட்டால் அன்று வேறு படகு இல்லை.

1. வருபவர்கள் புதன் இரவுக்குள் பெயரையும் எத்தனை பேர் என்பதையும் இங்கேயே போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.

2. பைனாகுலர், மழைக்கோட்டு, தண்ணீர், மதியச் சாப்பாடு. தீவில் கடை கிடையாது. குடை வேண்டாம், காற்றில் நிற்காது.

3. இறங்கியதும் நேராகப் புதர்கள் பக்கம். இரவெல்லாம் கடல்மேல் பறந்த சிறு பறவைகள் விடியலில் கண்ணில் படும் முதல் பச்சையில் இறங்கிவிடும். அவற்றில் ஒன்றான கோல்ட்கிரெஸ்ட் என்ற குட்டிப் பறவையின் எடை 5, 6 கிராம்தான். சில சமயம் நம் காலடிக்குப் பக்கத்திலேயே பூச்சி பொறுக்கிக்கொண்டிருக்கும். அதற்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள், அது பசியும் களைப்பும். அதனால் புதரைத் தட்டுவது, போனில் பறவைக் குரல் போட்டு அழைப்பது, படத்துக்காக நெருங்குவது எதுவும் வேண்டாம். அடுத்த கடலைத் தாண்டவும் அதற்குத் தெம்பு வேண்டும்.

4. மதியம் கரையோரம் உள்ளான்கள் என்னும் நீர்க்கரைப் பறவைகள். இளம் பறவைகளும் இறகு மாற்றும் பறவைகளும் கலந்திருக்கும், எது எது என்று சண்டை வரும். வரட்டும்.

இரவில் எதிர்காற்றும் தூறலும் இருந்தால் பறவைகள் நிறைய இறங்கும், நமக்கு நல்லதுதான். ஆனால் காற்று மிஞ்சினால் படகு ஓடாது. போகிறோமா இல்லையா என்று வெள்ளி இரவு 8 மணிக்கு இங்கே சொல்கிறேன்.