எண் கூடினால் குளிர்ச்சி என்று சொல்லி நீங்கள் விற்ற ஸ்பார்க் பிளக்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம். ரசீது, உங்கள் ஆட்களோடு நடந்த சாட், கழற்றிய பிளக்குகளின் படங்கள் எல்லாம் இணைத்திருக்கிறேன். இந்த முறையாவது திறந்து பார்த்துவிட்டுப் பதில் எழுதுங்கள், ஏனென்றால் போன முறை வந்த பதிலைப் பார்த்தால் யாரும் எதையும் படித்த மாதிரியே தெரியவில்லை.

என் காரில் இருப்பது நான்கு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், டர்போ பிற்பாடு போட்டது. பூஸ்ட், அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம், ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தமும் சூடும் கூடும், அதனால் பழைய பிளக்கைவிட ஒரு படி குளிர்ந்தது, அதாவது முனையின் சூட்டைச் சீக்கிரம் வெளியே கடத்துவது, வேண்டும் என்று சாட்டில் தெளிவாகத்தான் கேட்டேன். "எண் ஒன்று கூட்டி எடுங்கள் சார், அதுதான் குளிர்ந்தது" என்று பதில் வந்தது, பிளக்கின் சூட்டு அளவைக் குறிக்கும் எண்ணைத்தான் சொன்னார்கள். உங்கள் தளத்தில் இருக்கும் ஒப்பீட்டு அட்டவணையும் அதையேதான் சொல்கிறது.

அது எல்லா பிராண்டுக்கும் பொருந்தாது. என்ஜிகே, டென்சோ இரண்டிலும் எண் ஏற ஏறக் குளிர்ச்சி, சரி. போஷ், சாம்பியனில் நேர் தலைகீழ், எண் ஏறினால் சூடு. ஒரே திசையில் போகிறவற்றிலும் எண்கள் ஒன்றல்ல, என்ஜிகேவின் 6-க்கு ஈடு டென்சோவின் 20, 7-க்கு 22. நீங்கள் எனக்கு விற்றது உங்கள் சொந்த பிராண்டு, அதில் எண் கூடினால் சூடு என்று உங்கள் கேட்டலாக்கின் கடைசிப் பக்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. ஆக, குளிர்ந்த பிளக் கேட்டவனுக்குச் சூடான பிளக்கை அனுப்பியிருக்கிறீர்கள்.

எண்ணை விடுங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே போதும். நடு எலக்ட்ரோடைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான் மூக்கு பழையதைவிட நீங்கள் அனுப்பியதில் நீளம். மூக்கு நீளமாக இருந்தால் சூடு சிலிண்டர் ஹெட்டுக்கு இறங்கச் சுற்றிப் போக வேண்டும், முனை கொதித்துக்கொண்டே இருக்கும். முனை 800 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் போனால் ஸ்பார்க் வருவதற்கு முன்னாலேயே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். அதுதான் நடந்தது. மெதுவாக ஓட்டும்போது ஒன்றுமே தெரியவில்லை, மேட்டில் பூஸ்ட் ஏறியதும் நாக்கிங் சத்தம், மெக்கானிக் உடனே நிறுத்தச் சொல்லிப் பிளக்கைக் கழற்றினார். பீங்கான் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துக் கிடந்தது, அதன்மேல் ஊசிமுனை அளவுக்கு மினுங்கும் புள்ளிகள். பிஸ்டனிலிருந்து பெயர்ந்த அலுமினியம் அது. மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இதற்கு உங்கள் பதில் என்ன தெரியுமா? "எங்களுடையது இரிடியம் பிளக், எவ்வளவு சூட்டையும் தாங்கும்." இரிடியம் உருகுவது 2,446 டிகிரியில், அதை யாரும் மறுக்கவில்லை. அதனால் எலக்ட்ரோடு தேயாமல் நாள்பட உழைக்கும், அவ்வளவுதான். முனையில் எவ்வளவு சூடு தங்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிளக் விற்கிற கம்பெனிக்கு இதை ஒரு வாடிக்கையாளர் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது பாருங்கள்.

அப்புறம் பெட்டிமேல் "கேப் மாற்றக் கூடாது" என்று ஸ்டிக்கர். கேப் என்றால் ஸ்பார்க் தாண்டும் இடைவெளி, உள்ளே அது 1.1 மில்லிமீட்டர். பூஸ்டில் அழுத்தம் கூடக்கூட ஸ்பார்க் தாண்டுவதற்கு அதிக வோல்டேஜ் வேண்டும், அதனால்தான் டர்போ போட்டவர்கள் 0.7, 0.8 என்று குறைத்து வைப்பார்கள். டர்போ இன்ஜினுக்கு என்று தலைப்புப் போட்டு விற்கிற சாமானில் இந்த ஸ்டிக்கருக்கு என்ன வேலை?

கடைசியாக, மாற்றியமைத்த இன்ஜினுக்கு வாரண்டி கிடையாது என்று கைகழுவியிருக்கிறீர்கள். நான் கேட்பது வாரண்டி இல்லை. எந்த இன்ஜினுக்கு என்று சொல்லிக் கேட்டேன், நீங்கள் தவறான பொருளைச் சொல்லி விற்றீர்கள். பிளக்கின் விலையும், பிஸ்டனைக் கேமரா விட்டுப் பார்த்ததற்கும் கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கும் ஆன செலவும் எனக்குத் திரும்ப வர வேண்டும். அந்த அட்டவணையை இன்றே தளத்திலிருந்து எடுங்கள், அதை நம்பி இதே பிளக்கை வாங்கியவர்களுக்குத் தகவல் அனுப்புங்கள், அவர்களில் யாராவது இந்நேரம் நெடுஞ்சாலையில் முழு பூஸ்டில் போய்க்கொண்டிருக்கலாம்.

கழற்றிய நான்கு பிளக்கும் என்னிடம்தான் இருக்கின்றன. உங்கள் தொழில்நுட்ப ஆள் நேரில் வந்து பார்க்கலாம், பணம் கைக்கு வரும்வரை கூரியரில் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்