மொட்டை மலைக்கு மரம் வேண்டாம்

உதகை
பிப்ரவரி 15

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பலால் பதில் எழுதாமல் இருந்தேன் என்று நினைக்காதே. நீ கேட்டதற்கு எப்படி இல்லை என்று சொல்வது எனத் தெரியாமல், அதை மேசைமேல் வைத்துத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் வீட்டுச் சேதி. மகளுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. இருவரும் நலம். இந்த ஜனவரியில் உறைபனி கடுமை. காலையில் எழுந்து பார்த்தால் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளையாக இருந்தது. உன் முழங்கால் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. சரிவில் எப்போது நடக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டு வை. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெற்றவர்கள் சேர்ந்து ஐயாயிரம் மரக்கன்று நடப் போகிறீர்கள், அதற்கு இங்கே ஒரு மொட்டை மலையாகப் பார்த்துச் சொல் என்று எழுதியிருந்தாய். மொட்டை மலைக்கு இங்கே பஞ்சமில்லை என்றுதான் நீ நினைத்திருப்பாய். பஞ்சமே அதில்தான் என்று சொன்னால் நம்புவாயா?

1984 முகாம் நினைவிருக்கிறதா? கல்லூரியிலிருந்து பத்து நாள். ஒன்றரை அடிக்குக் குழி, குழிக்கு ஒரு கன்று, கயிறு கட்டி வரிசை பிடித்தோம். உன் கை கொப்பளித்து, என்னைக் குழி வெட்டச் சொல்லிவிட்டு நீ கன்று மட்டும் வைத்தாய். பாதி பைன், பாதி சீகை. (சீயக்காய்ச் செடி என்று நினைத்துவிடாதே. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் மரத்துக்கு இந்த ஊரில் சீகை என்று பெயர்.) "வெறும் புல்தான் கிடக்கிறது, உங்கள் பேரப்பிள்ளைகள் இங்கே காடு பார்ப்பார்கள்" என்று ஏற்பாடு செய்தவர்கள் சொன்னார்கள். நாமும் நம்பினோம். அன்று யார்தான் நம்பவில்லை?

போன வருஷம் அந்த இடத்தைத் தேடிப் போனேன். பைன் நிமிர்ந்து நிற்கிறது. வரிசை கொஞ்சமும் கலையவில்லை, நம் கயிறு அவ்வளவு நேர். அடியில் பழுப்பு ஊசியிலை மெத்தை போலக் கிடக்கிறது, அதில் ஒரு புல்கூட இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்தேன், ஒரு பறவைச் சத்தம் கேட்கவில்லை. கல்யாண ஜோடி ஒன்று போட்டோ எடுக்க வந்திருந்தது. "சூப்பர் காடு, இல்லையா அங்கிள்?" என்றான் மாப்பிள்ளை. நட்டவனிடமே கேட்கிறான், என்ன சொல்ல?

பைனாவது நட்ட இடத்தில் நிற்கிறது. சீகை அப்படியில்லை. வரிசையை விட்டு இறங்கி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவு முழுக்க ஏறிவிட்டது.

நமக்கு அன்று யாரும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இந்த மலை உச்சிகளில் மரம் இல்லாததற்கு யாரோ வெட்டியது காரணமில்லை. இங்கே மடிப்புகளிலும் ஓடைக் கரைகளிலும் மட்டும் சோலைக்காடு இருக்கும், மேடெல்லாம் புல்வெளி. சோலை மரத்தின் கன்று திறந்த மேட்டில் முளைத்தால் உறைபனியில் கருகிவிடும். புல் மேலே கருகினாலும் அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். உதகைக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் ஒரு சதுப்பு இருக்கிறது. அதன் அடிமண்ணைத் தோண்டி ஆராய்ந்தவர்கள், 20,000 ஆண்டுகளுக்கு முன்பும் இங்கே புல்வெளி இருந்ததைக் கண்டார்கள். அதாவது, நாம் காலி இடம் என்று குழி வெட்டியது அவ்வளவு பழைய ஒன்றின் மேல்.

காலி என்று முதலில் எழுதியவர்கள் வெள்ளைக்காரர்கள். 1843இல் இங்கே தைலமரம் வந்தது, அதை ஒட்டிச் சீகையும் வந்தது, விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வழக்கத்தை நாம் பெரிய அளவில் தொடர்ந்தோம். இன்றைக்கும் நாட்டின் தரிசு நில வரைபடத்தில் புல்லும் புதரும் உள்ள நிலங்கள் தரிசுக் கணக்கில்தான் வருகின்றன. ஒரு நிலத்துக்குத் தரிசு என்று பெயர் வைத்துவிட்டால் அப்புறம் அதில் என்ன செய்தாலும் முன்னேற்றம்தான். ராஜஸ்தானில் கானமயில் என்ற புல்வெளிப் பறவைக்கு நேர்ந்ததும் இதுதான். நூற்றைம்பதுக்கு மேல் மிச்சமில்லாத பறவை, பெரும்பாலும் ஒரு முறைக்கு ஒரே ஒரு முட்டை இடும். அதன் வெளியெல்லாம் மின்கம்பி இழுத்தாயிற்று, முன்னால் இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாத அந்தக் கனத்த பறவை கம்பியில் மோதிச் சாகிறது. அது தனிக் கதை, இன்னொரு கடிதத்துக்கு வைத்துக்கொள்கிறேன்.

இங்கே கணக்கு என்ன தெரியுமா? 1973க்கும் 2017க்கும் இடையிலான செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிப் புல்வெளிகளில் 23 சதவீதம், ஏறத்தாழ 340 சதுர கிலோமீட்டர், அந்நிய மரங்களுக்குள் போய்விட்டது. பழனி மலையில் நிலைமை இன்னும் மோசம். அங்கே நாற்பது வருஷத்தில் மூன்றில் இரண்டு பங்கு புல்வெளி காணவில்லை.

இனி என் பறவையைப் பற்றிச் சொல்லவிடு. நெட்டைக்காலியை நீ ஊரிலேயே பார்த்திருக்கிறாய். வயல் வரப்பில் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுமே, பழுப்பாக, அதுதான். அது வயல் நெட்டைக்காலி, எங்கும் இருக்கும். இங்கே உச்சியில் அதன் உறவு ஒன்று இருக்கிறது, நீலகிரி நெட்டைக்காலி. நிறம் கொஞ்சம் அடர்த்தி, மார்புக் கோடுகள் விலாவரைக்கும் இறங்கும். பார்க்க வேறு பெரிய வித்தியாசம் கிடையாது, அழகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் உலகத்தில் இந்தத் தென்மலைகளின் உச்சிப் புல்வெளியை விட்டால் அதற்கு வேறு இடம் இல்லை. சோலைப் பறவைகளில் சில தோட்டத்து மரங்களிலும் எப்படியோ சமாளித்துக்கொள்கின்றன. இது சமாளிப்பதில்லை. மரம் அடர்ந்தால் இது அங்கே இருக்காது, அவ்வளவுதான்.

போன மே மாதம் ஒரு கூட்டை மிதித்திருப்பேன். மேல் பவானிப் பக்கம் நடந்துகொண்டிருந்தேன். காலுக்கு ஒரு முழம் முன்னால் புல்லுக்குள் ஏதோ நழுவியது. எலி என்று நினைத்தேன், ஏனென்றால் அது பறக்கவில்லை, தலையைத் தாழ்த்திக்கொண்டு ஓடியது. குனிந்து பார்த்தால், ஒரு புல் தூர் சரிந்து கூரை போலக் கவிந்திருக்கிறது, அதன் கீழே உள்ளங்கையளவு குழி, காய்ந்த புல்லைச் சுற்றிச் சுற்றி வைத்து மெழுகியது போல வழவழப்பாக. உள்ளே புள்ளி போட்ட மூன்று முட்டை. மேலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது. நான்கு அடி பின்வாங்கி நின்று, திரும்ப அந்தத் தூரைத் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை.

பறவை எழும்பிப் போய்ப் பக்கத்தில் ஒரு சின்னச் செடியின் நுனியில் உட்கார்ந்து என்னைத் திட்டியது. அந்தச் செடி ஒரு சீகைக் கன்று! அன்றைக்கு அதைப் பிடுங்க மனம் வரவில்லை. குஞ்சுகள் பறந்திருக்கும் என்று செப்டம்பரில் போய்ப் பிடுங்கினேன்.

ஆமாம், பிடுங்குகிறேன். ஓய்வு பெற்ற பிறகு இதுதான் வேலை. வனத்துறை அனுமதியோடு மாதம் இரண்டு நாள் ஏழெட்டுப் பேர் போகிறோம். நீ சிரிப்பது கேட்கிறது. மழை பெய்து மண் இளகியிருக்கும்போது ஒரு சாண் கன்று ஒரே இழுப்பில் வேரோடு வரும். வேரில் கடுகளவு முடிச்சுகள் இருக்கும். காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்ப்பது அதுதான். வயலுக்கு அது வரம். சத்துக் குறைந்த மண்ணுக்கே பழகிய இந்தப் புல்லுக்கு அது உதவாது, களைக்குத்தான் கொண்டாட்டம். தண்டு கட்டைவிரல் கனம் ஆகிவிட்டால் கையால் ஆகாது. வெட்டினாலோ, சீகையில் ஒரு வகை வேரிலிருந்து பத்தாகக் கிளம்பும். விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீப்பட்டால் மொத்தமாக முளைக்கும். நாம் பத்து நாளில் நட்டதை எடுக்க நம் ஆயுள் போதாது.

அப்படியானால் எல்லா அந்நிய மரத்தையும் வெட்டித் தள்ளிவிடலாமே என்பாய். நானும் முதலில் அப்படித்தான் துள்ளினேன். உயர் நீதிமன்றம் அகற்றச் சொல்லியிருக்கிறது, தமிழக அரசும் 2022இல் அந்நியச் செடிகளுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது, அப்புறம் என்ன தயக்கம் என்று. ஆனால் முதிர்ந்த சீகைத் தோப்பை ஒரே மூச்சில் வெட்டினால் வெயில் மண்ணில் விழுந்து, உறங்கிக் கிடந்த விதையெல்லாம் எழுந்துவிடுகிறது. இரண்டே வருஷத்தில் முன்னைவிட அடர்ந்த புதர். இன்னொரு பக்கம், சில பழைய தோப்புகளின் நிழலில் உறைபனி படாமல் சோலை மரக் கன்றுகளே வளர்ந்துவருகின்றன. அங்கே கோடரியோடு போனால் நஷ்டம். அதனால், இன்னும் புல்லாக இருக்கிற இடத்தில் புதிதாக நுழையும் கன்றுகளை எடுப்பதே முதல் வேலை என்று இதில் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. படத்தில் காட்ட ஒன்றுமிருக்காது. ஒரு நாள் முழுக்கப் பிடுங்கிய பிறகும் சரிவு காலையில் இருந்தது போலவேதான் இருக்கும். அதுதான் அந்த வேலையின் வெற்றி, ஆனால் யாரிடம் காட்டி நன்கொடை கேட்பது?

தண்ணீர் விஷயம் உனக்குப் பிடிக்கும், பொதுப்பணித்துறையில் இருந்தவன் அல்லவா. இதே நீலகிரியில் கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புகள். ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றதில் தைலமரம் நட்டு, இரண்டிலிருந்தும் வரும் தண்ணீரை வருஷக்கணக்கில் அளந்தார்கள். மரம் நட்டதில் முதல் சுற்றில் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் தழைத்து வந்த இரண்டாவது சுற்றில் சுமார் 25 சதவீதம். மரம் மழையைக் கொண்டுவரும் என்று நாம் முகாமில் பாடினோமே, நினைவிருக்கிறதா? பாட்டு உன்னுடையது.

2018இல் கேரளத்து இரவிகுளத்தில் நாம் சேர்ந்து பார்த்த குறிஞ்சியும் இந்தப் புல்வெளிச் செடிதான். தைலத் தோப்புக்குள் அது பூத்த நீலச் சரிவு வராது. இந்த மலையின் பழங்குடிகளான தோடர்களுக்கும் இதே கவலை. அவர்கள் கோயில் கூரைக்கு வேயும் புல் சதுப்பு ஓரங்களில் வளர்வது, இப்போது அதைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

ஆகவே உன் ஐயாயிரம் கன்றுக்கு இந்த மலையில் இடம் இல்லை. கோபித்துக்கொள்ளாதே. உன் ஆட்களின் உற்சாகத்தைக் குலைக்கவும் வேண்டாம். கீழே ஏரிக்கரை, சாலையோரம், பள்ளிக்கூடம் என்று நிழல் வேண்டிய இடம் எத்தனையோ. நாட்டு மரமாகப் பார்த்து அங்கே நடுங்கள். அது நல்ல காரியம்தான், இடம் மட்டும்தான் தகராறு. இங்கேயும் நடுவதற்கு ஒன்று உண்டு. சீகை எடுத்த வெற்றுத் தரையில், நல்ல புல் தூரைப் பிரித்துக் கொத்துக் கொத்தாக நடுகிறோம். மரம் நட்டால் பெயர்ப்பலகை வைக்கலாம், புல்லுக்கு வைக்க முடியாது. அதற்குச் சம்மதிப்பவர்கள் உன் கூட்டத்தில் இருந்தால் சொல்.

இப்போது முழங்கால் விஷயம். செப்டம்பரில் வா, அதற்குள் குஞ்சுகள் கூட்டை விட்டிருக்கும், மண்ணும் ஈரமாக இருக்கும். கை உறை கொண்டு வா; உன் கை எப்படிக் கொப்பளிக்கும் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் நாம் நட்ட வரிசைக்கு எதிர்ச் சரிவில் ஆரம்பிப்போம். நீ உட்கார்ந்துகொண்டே எட்டுகிற கன்றைப் பிடுங்கு. குழி வெட்டும் வேலை இந்த முறை இல்லை.

குழந்தைக்கு ஒரு பெயர் யோசித்து எழுது.

உன் பழைய அறைத்தோழன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் உன் பழைய போட்டோ ஒன்று கிடைத்தது. முகாம் கடைசி நாள், மண்வெட்டியோடு இளித்துக்கொண்டு நிற்கிறாய். பின்னால் சரிவு முழுக்கப் புல். நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.