மே மாத முதல் வியாழன்

அன்புள்ள சேவியருக்கு,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. சொட்டு மருந்தை வேளாவேளைக்கு விட்டுக்கொள். உன் சோம்பல் எனக்குத் தெரியும்.

இங்கே நியூ ஜெர்சியில் குளிர் விட்டுவிட்டது. காலையில் ஒரு மணி நேரம் நடக்கிறேன். போன வியாழக்கிழமை டவுன் ஹால் கொடிக்கம்பத்தடியில் முப்பது நாற்பது பேர் தலை குனிந்து நின்றார்கள். யாரோ பெரிய மனிதர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்து நானும் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றேன். வீட்டுக்கு வந்ததும் மருமகன் சிரிக்கிறார். அன்று தேசியப் பிரார்த்தனை தினமாம்! மேயர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மைக்கைப் பாதிரியார் கையில் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொண்டார். அவர் முகத்தில் பக்தியைவிடச் சங்கடமே அதிகம் தெரிந்தது, பாவம்.

ஆண்டுதோறும் ஒரு நாளைக் குறித்து ஜனாதிபதி இதை அறிவிக்க வேண்டும் என்று 1952-இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். ட்ரூமன் கையெழுத்திட்டது. மே மாத முதல் வியாழன் என்று நிலைத்தது ரீகன் காலத்தில், 1988-இல். அரசாங்கம் இப்படி ஜெபிக்கச் சொல்லலாமா என்று இதை எதிர்த்து வழக்கும் நடந்திருக்கிறது. 2010-இல் விஸ்கான்சினில் ஒரு நீதிபதி, சட்டம் செல்லாது என்றார். மறு ஆண்டு மேல்முறையீட்டில், சட்டம் கட்டளையிடுவது ஜனாதிபதிக்குத்தானே, உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு என்று கேட்டு வழக்கையே தள்ளிவிட்டார்கள். கெட்டிக்காரத் தீர்ப்பு, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் இல்லை.

பொழுது போகாமல் நூலகத்தில் கொஞ்சம் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் கதையை உனக்குச் சொல்லியே ஆக வேண்டும். பிரான்ஸோடு போர் மூளும் நிலையில், 1798-இல் ஒரு நாளும் அடுத்த ஆண்டில் ஒரு நாளும் நாடே உபவாசம் இருந்து ஜெபிக்கட்டும் என்று அறிவித்தார் மனிதர். 1800 தேர்தலில் தோற்றார். பல வருஷம் கழித்து, 1812-இல், பெஞ்சமின் ரஷ் என்ற நண்பருக்குக் கடிதம் எழுதும்போது, அந்த உபவாசம்தான் தன்னைப் பதவியிலிருந்து இறக்கியது என்று புலம்பியிருக்கிறார். பிரெஸ்பிட்டீரியன் என்ற கிறிஸ்தவச் சபைக்காரர்கள் அவரைக் கையில் போட்டுக்கொண்டு தங்கள் சபையையே அரசாங்கச் சபையாக ஆக்கப் பார்க்கிறார்கள் என்று மற்ற சபைக்காரர்கள் பயந்துவிட்டார்களாம். சந்தேகப்பட்டவர்கள் நாத்திகர்கள் இல்லை, ஜெபிக்கிறவர்களே. அதைத்தான் நான் இரண்டு தடவை படித்தேன்.

அவருக்குப் பின் வந்த ஜெஃபர்சன் எட்டு வருஷத்தில் இப்படி ஒரு நாளையும் அறிவிக்கவில்லை. ஆண்ட்ரூ ஜாக்சனும் அப்படித்தான். 1832-இல் காலரா பரவியபோது ஒரு சபையார் போய் உபவாச நாள் கேட்டார்கள். ஜெபத்தின் பலனில் தனக்கு நம்பிக்கை உண்டு, ஆனால் அதை அறிவிப்பது தன் பதவியின் வேலை இல்லை என்று மறுத்துவிட்டார். வேறு பல விஷயங்களில் ஜாக்சனை எனக்குப் பிடிக்காது. இதில் மட்டும் ஆள் நேராக இருந்திருக்கிறார்.

லிங்கன்தான் என்னைக் குழப்புகிறார். உள்நாட்டுப் போரின் நடுவில், செனட் கேட்டுக்கொண்டதன் பேரில், 1863 ஏப்ரல் 30-ஐ உபவாச நாளாக அறிவித்தார். அதில் வெற்றி கேட்பதைவிட, இந்தப் போரே நாம் செய்த பாவத்துக்குத் தண்டனையாக இருக்கலாம் என்பதுதான் கனமாக நிற்கிறது. நம் ஊரில் எந்தத் தலைவராவது தன் பக்கத்தையும் சேர்த்துப் பாவம் என்று சொல்லிக் கேட்டிருக்கிறாயா? அதைப் படித்தபோது, அறிவிக்கவே கூடாது என்ற என் வாதம் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

நம் சின்ன வயதில் மழை பொய்த்தால் தெருவெல்லாம் கொடும்பாவி இழுப்பார்களே, எந்தக் கலெக்டர் உத்தரவு போட்டார்? 2019 கோடையில் அறநிலையத் துறையே மழைக்கு யாகம் நடத்தச் சொல்லிக் கோயில்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியபோது நீ கேலி செய்தாய், நான் உன்னோடு சண்டை போட்டேன். இப்போது உன் கட்சிக்குப் பாதி வந்துவிட்டேன், சந்தோஷப்பட்டுக்கொள். உங்கள் பூசையில் ஆட்சியாளர்களுக்காக மன்றாடுவீர்களே, அந்தப் பழக்கத்தில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஆட்சியாளர் நம்மைப் பார்த்து மன்றாடு என்னும்போதுதான் உறுத்துகிறது. ஆனால் லிங்கனை என்ன செய்வது? உன் மனசில் பட்டதை எழுது.

ஆகஸ்டில் ஊருக்கு வருகிறேன். மூட்டு வலித் தைலம் நான்கு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன், இரண்டு உனக்கு. மேரிக்கு என் அன்பைச் சொல்.

உன்,
சுப்பையா