பாரம் பி கைக்கு வரட்டும், அம்மிணி

அன்பு அம்மிணிக்கு,

அப்பா எழுதறது. இங்க எல்லாரும் சௌக்கியம். மஞ்சள் வெட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. நீ லாக்கர் சாவி கேட்டதுக்கப்புறம் போனே வரலைன்னு உங்கம்மா சொல்லிட்டே இருக்கா. எதுக்குன்னு நான் கேக்கலை. பொழுதோட சின்ன மாமன் வந்திருந்தாப்ல, கட்சிப் பேச்சு வந்துச்சு. அதுதான், சின்னக் கட்சி பேர்ல தேர்தல்ல நிக்கறதைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை எழுதி வைக்கலாம்னு உட்கார்ந்தேன். உனக்கு இல்லைன்னாலும் உன் கூட்டாளிங்க யாருக்காச்சும் ஆகும்.

நம்ம பக்கத்துக் கட்சியோட கணக்கை முதல்ல இருந்து பாரு. 2009ல கொங்குநாடு முன்னேற்றக் கழகம் ஆரம்பிச்ச சூட்டோட எந்தக் கூட்டணியும் இல்லாம நாடாளுமன்றத்துக்கு நின்னாங்க. கோவை, பொள்ளாச்சி, ஈரோடு மூணுலயும் லட்சம் ஓட்டுக்கு மேல. ஒரு இடமும் ஜெயிக்கலை. ஆனா ரெண்டு பெரிய கட்சிக்கும் அந்த ஓட்டு கண்ணுல பட்டுச்சு. 2011ல திமுக கூட்டணில ஏழு இடம் வாங்கி ஏழும் போச்சு. அதே தேர்தல்ல கொங்கு இளைஞர் பேரவை தனியரசு இரட்டை இலைல நின்னு பரமத்தி வேலூர்ல ஜெயிச்சார். 2016ல காங்கேயத்துலயும் இரட்டை இலைதான். ஈஸ்வரன் முன்னேற்றக் கழகத்துல இருந்து 2013ல பிரிஞ்சு கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சின்னு, கொமதேகன்னு, கட்டி, 2014ல பாஜக கூட்டணில பொள்ளாச்சில ரெண்டாவதா வந்தார். 2016ல தனியா நின்னு ஒண்ணும் தேறலை. அதுக்கப்புறம் எல்லாமே உதயசூரியன். 2019ல நாமக்கல்ல சின்ராஜ் ரெண்டரை லட்சத்துக்கு மேல வித்தியாசத்துல ஜெயிச்சார். 2021ல மூணு இடத்துல திருச்செங்கோடு மட்டும், அதுவும் 2,862 ஓட்டுல. பெருந்துறையும் சூலூரும் போச்சு. 2024ல மறுபடி நாமக்கல்.

மதிமுக கணேசமூர்த்தி ஈரோட்டுல 2009ல சொந்தக் கட்சிச் சின்னம் பம்பரத்துல ஜெயிச்சவர், 2019ல அதே ஊர்ல உதயசூரியன்ல நின்னார். ஆளும் அவரே, ஊரும் அதே. சின்னம் மட்டும் மாறிப் போச்சு.

அடுத்தவங்க சின்னம் குத்தகைத் தோட்டம் மாதிரி. வெள்ளாமை நல்லா வரும், பட்டால பேர் ஏறாது. அதுல நின்னா சட்டப்படி நீ அந்தப் பெரிய கட்சியோட வேட்பாளர். ஜெயிச்சா அவங்க கொறடா சொல்றபடி ஓட்டுப் போடணும், மீறினா பதவி போகும். உங்கட்சிக் கணக்குல போட்டியிட்டதாவே ஏறாது. 2019ல இருந்து ஆறு வருஷம் சொந்தமாப் போட்டியிடலைன்னு 2025 செப்டம்பர்ல தேர்தல் ஆணையம் 474 கட்சியைப் பட்டியல்ல இருந்து எடுத்துச்சு. கொமதேகவும் அதுல இருந்துச்சு. எம்பி, எம்எல்ஏ வச்சிருக்கிற கட்சிக்கே இந்தக் கதின்னு கேட்டப்போ எனக்கு மனசு ஆறலை. லட்சம் ஓட்டு போட்ட சனத்தோட கட்சி அது. இப்ப அந்த ஆணை எங்க நிக்குதுன்னு கட்சிக்காரங்ககிட்ட எழுத்துல கேளு.

தனிச் சின்னம்னு யாராச்சும் சொன்னா, விதியைப் படிச்சுட்டுச் சொல்றாங்களான்னு பாரு. பதிவு பண்ணின, அங்கீகாரமில்லாத கட்சிக்குப் பொதுச் சின்னம் வேணும்னா அஞ்சு சதவீத இடத்துல நிக்கணும், 234ல அது 12 தொகுதி. சின்னம் முடிவாக நாளாச்சுன்னா கிராமத்துல கெழவிங்களுக்கு அதைச் சொல்லிக் குடுக்க நேரம் பத்தாது. அங்கீகாரம் இல்லாதவங்களுக்குப் பத்துப் பேர் முன்மொழியணும், பத்துப் பேரும் அந்தத் தொகுதி வாக்காளரா இருக்கணும். ஒரு பேர் பிசகினாலும் பரிசீலனைல மனு போயிரும். டெபாசிட் 10,000. ரெண்டு லட்சம் செல்லுற ஓட்டுன்னா 33,334 வாங்கினாத்தான் அது திரும்பி வரும்.

இதையெல்லாம் விட முக்கியமானது, பாரம் ஏ, பாரம் பி, அதாவது நீதான் வேட்பாளர்னு கட்சி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற காகிதம், கைக்கு வராம ஒத்த ரூபா செலவு பண்ணாத. மேடைல பேர் சொன்னா ஆச்சுன்னு இல்ல. 2024ல நாமக்கல்லுக்கு முதல்ல அறிவிச்சவரோட பழைய பேச்சு, சாதி விசயம், வெளிய வந்து அவரை மாத்தி மாதேஸ்வரனை நிறுத்தினாங்க. மாத்தினது சரிதான், அந்தப் பேச்சை நம்ம வீட்டுல ஒருத்தரும் ஏத்துக்க மாட்டோம். ஆனா மனுத்தாக்கல் கடைசி நாள் மத்தியானம் மூணு மணி வரைக்கும் பேரை மாத்தலாங்கறதை ஞாபகம் வச்சுக்க. சுவரெழுத்து, வண்டி, மைக் செட் எல்லாத்துக்கும் முன்பணம் குடுத்துட்டு நிக்கறது நீதான்.

பணம்னா, மனுவுக்கு ஒரு நாளாச்சும் முன்னாடி தனி வங்கிக் கணக்கு தொடங்கணும். நகை அடகுப் பணமா இருந்தாலும் அதுல போட்டுத்தான் எடுக்கணும். ஒரு ஆளுக்கு 10,000க்கு மேல ரொக்கமாக் குடுக்கக் கூடாது. சட்டமன்றத்துக்குச் செலவு உச்சவரம்பு 40 லட்சம். முடிவு வந்து 30 நாளுக்குள்ள கணக்கு ஒப்படைக்கலைன்னா மூணு வருஷம் நிக்க விடாமத் தகுதி நீக்கம் பண்ணலாம். இதெல்லாம் வக்கீலுக்கு நான் சொல்லணுமா? நம்ம குடும்பத்துல வக்கீல் கோட்டு போட்ட முதல் பொண்ணு நீ, எங்க போனாலும் நெஞ்சை நிமித்திச் சொல்றேன். ஆனா ஒரு போன் பண்ண உனக்கு நேரமில்லை.

பூத் ஏஜெண்டுங்களைக் கூட்டணிக்காரங்க பாத்துக்குவாங்கன்னு விடாத. 2021ல மொடக்குறிச்சில 281 ஓட்டுல முடிவாச்சு. காலைல மாதிரி வாக்குப்பதிவுல அம்பது ஓட்டாச்சும் போட்டு எண்ணி, மெசின்ல அழிச்சுட்டாங்களான்னு உங்காளு கண்ணால பாக்கணும். பொழுது சாய, அந்த பூத்தோட ஓட்டுக் கணக்கு, பாரம் 17சி, நகல் கையெழுத்தோட வாங்கணும். கன்ட்ரோல் யூனிட் எண்ணு, சீல் எண்ணு, மொத்த ஓட்டு மூணும் அதுல இருக்கும். எண்ணிக்கை அன்னைக்கு மேசைல அந்தக் காகிதத்தோட ஒத்துப் பாத்தாத்தான் வாய் திறந்து பேச முடியும். அது இல்லாமச் சத்தம் போட்டா யாரும் கேக்க மாட்டாங்க.

பாரம் பி வரட்டும். அதுக்கு முன்னாடி எதுலயும் கையெழுத்து வேண்டாம் கண்ணு.

பாரம் 26 உறுதிமொழிப் பத்திரத்துல ஒரு கட்டத்தையும் காலியா விடக்கூடாது, இல்லைன்னா 'இல்லை'ன்னு எழுதணும். உம்பேர்ல இருக்கிற தோட்டத்துக்குச் சிட்டாவும் வில்லங்கச் சான்றும் நான் எடுத்து வைக்கிறேன். ஆனா அதுல மாப்பிள்ளையோட அஞ்சு வருஷ வருமானக் கணக்கு, அவரோட கடன், பேங்க் இருப்பு எல்லாம் எழுதி நோட்டரி முன்னால கையெழுத்துப் போடணும், இணையத்துல ஊரே பாக்கும். அவர்கிட்ட எப்பக் கேக்கப் போறே?

அப்பா