உயரழுத்த வாட்டர் மிஸ்ட் வாங்கவிருக்கும் ஆலை நிர்வாகங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகிகளே, பாதுகாப்புக் குழுவினரே,

வாட்டர் மிஸ்ட் என்பது நீரை மிக நுண்ணிய துளிகளாகப் பீய்ச்சித் தீயை அணைக்கும் அமைப்பு. ஜெனரேட்டர் அறைக்கும் டர்பைன் கூண்டுக்கும் மிஸ்ட் கேட்டு வரும் ஒப்பந்தப்புள்ளிகளில் பம்பின் அழுத்தம் இருக்கிறது, நீரைப் பீய்ச்சும் முனைகளான நாசில்களின் எண்ணிக்கை இருக்கிறது. அறையைப் பற்றி ஒரு வரி இருப்பதில்லை. தீயணைப்பில் பாதி வேலையை அறைதான் செய்கிறது.

ஒரு லிட்டர் நீரை 1 மி.மீ. துளிகளாக உடைத்தால் மொத்தப் பரப்பு 6 சதுர மீட்டர், 0.1 மி.மீ. துளிகளாக்கினால் 60. அவ்வளவு பரப்பில் வெப்பத்தை வாங்கி ஆவியாகும் நீர் சுமார் 1,700 மடங்கு விரிந்து, சுடரை அடையும் ஆக்சிஜனை விலக்குகிறது. ஆகவே மூடிய அறையில் பெரிய எண்ணெய்த் தீ விரைவில் அணைந்துவிடும். இயந்திரத்தின் அடியில் மறைந்திருக்கும் சின்னத் தீதான் கடினம். அது போதிய நீராவியை உண்டாக்காது, அறையின் ஆக்சிஜனையும் குறைக்காது. கதவு திறந்திருந்து விசிறியும் ஓடினால் மூட்டம் வெளியேறிவிடும், தீ எரிந்துகொண்டே இருக்கும்.

எனவே தீ உறுதியானதும் விசிறி நிற்பது, டாம்பர் (காற்றுக்குழாயின் அடைப்புத் தகடு) மூடுவது, எரிபொருள் வால்வு அடைவது மூன்றும் தானாக நடக்கும்படி இன்டர்லாக் (ஒன்று நடந்தால் மற்றது தானே இயங்கும் இணைப்பு) கேளுங்கள். எண்ணெய் பீய்ச்சிக்கொண்டே இருந்தால், அது சூடான உலோகத்தில் பட்டு, அணைந்த தீ மறுபடி பற்றும். டர்பைன் கூண்டில் நாசில் நேராகச் சூடான உறையைப் பார்க்கக் கூடாது. திடீர்க் குளிர்ச்சியில் உறை கோணி, சுழலும் தகடுகளில் உரசும்.

பெரிய துளிகளாக நீர் தெளிக்கும் ஸ்பிரிங்ளருக்கு இருப்பதுபோல் சதுர மீட்டருக்கு இத்தனை லிட்டர் என்ற பொதுக்கணக்கு இதற்குக் கிடையாது. விற்பவரிடம் தீச்சோதனை அறிக்கையை வாங்கி, அதிலுள்ள கன அளவு, கூரை உயரம், திறப்பு, நாசில் இடைவெளி ஆகியவற்றை உங்கள் அறையோடு ஒப்பிடுங்கள். 260 கன மீட்டரில் தேறியது 900 கன மீட்டரிலும் தேறும் என்று யாரும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது.

அடைப்புதான் அடிக்கடி வரும் கோளாறு. நாசில் துளைகள் மிகச் சிறியவை. துருவின் துகளோ, குழாய் இணைப்பில் சுற்றும் டெஃப்லான் நாடாவின் நூலோ ஒன்று போதும், அடைத்துவிடும். குழாய் முழுவதும் துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும். நாசிலைப் பொருத்துமுன் குழாயை அலசுங்கள். வடிகட்டியின் கண், நாசிலின் மிகக் குறுகிய வழியில் 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது வாட்டர் மிஸ்டுக்கான அமெரிக்கத் தரநிலையான என்.எஃப்.பி.ஏ. 750.

சோடியம் போல நீரோடு வினைபுரியும் பொருள் இருக்கும் இடத்துக்கு இது வேண்டவே வேண்டாம்.

ஒப்படைப்பு நாளில் பம்ப் அறையின் அழுத்தமானியை மட்டும் பார்த்துக் கையெழுத்திடாதீர்கள். கடைசி நாசிலில் அழுத்தத்தை அளக்கச் சொல்லுங்கள். விசிறி ஓடும்போதே அலாரத்தை எழுப்பி, விசிறி நிற்கிறதா என்று நேரில் பாருங்கள்.

இப்படிக்கு,
தீத்தடுப்புப் பொறியாளர்கள்